முன்பக்கம் "டக்" என்றால்: பிக்கப் சஸ்பென்ஷன் கேள்வி-பதில்

பிக்கப் வண்டியின் முன்பக்க சஸ்பென்ஷனை வீட்டு வாசலிலேயே பிரித்து மாற்றுவது பற்றி வந்த கடிதங்களில் ஒன்பதுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பிக்கப் 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்பக்கம் காயில் ஸ்பிரிங். தேங்காய் ஏற்றிப் போனாலும் காலியாகத் திரும்பினாலும், குழியில் இறங்கினால் இடதுபக்கம் "டக், டக்" சத்தம். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொன்னதால் இரண்டையும் மாற்றினோம். சத்தம் அப்படியே இருக்கிறது. அடுத்து எதை மாற்றுவது?
வாசகர், பொள்ளாச்சி

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஷாக் போனால் வண்டி படகு மாதிரி ஆடும், பிரேக் அடித்தால் மூக்கு குத்தும், டயர் மேடும் பள்ளமுமாகத் தேயும். இரும்போடு இரும்பு மோதுகிற "டக்" சத்தம் ஷாக்கின் உள்ளிருந்து வருவது குறைவு. ஷாக்கின் மேல் மவுண்ட் ரப்பர், ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு), ஆர்ம் புஷ் (சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் ஆர்மின் ரப்பர் உருளை), பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டு) என்ற நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும் ஸ்பீடு பிரேக்கரில் சத்தம் இல்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல். ஸ்டெபிலைசர் கம்பி இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் வேலையே செய்யாது, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் முறுக்கும். பிரேக் அடித்ததும் ஒரு "டொக்", விட்டதும் ஒரு "டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ். சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைச் சற்றே இடமும் வலமும் ஆட்டினால் கேட்கிறது என்றால் டை ராட் எண்டையும் (ஸ்டியரிங்கின் தண்டு சக்கரத்தோடு சேரும் மூட்டு) பால் ஜாயின்டையும் பாருங்கள்.

லோயர் பால் ஜாயின்டைச் சோதிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டி-மேக்ஸ், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். ஜாயின்ட் இறுகி நின்றுகொள்வதால், தேய்ந்த ஜாயின்ட் கூட ஆடாது. ஆகவே ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். டயர் தரையிலிருந்து நான்கைந்து செ.மீ. எழும்பினால் போதும். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெல்ல மேலே நெம்புங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து, ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) நடுவே அசைவு இருக்கிறதா என்று பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். லோயர் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து வண்டிக்கு அடியில் மடங்கும்.

அதே நிலையில் டயரின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பால் ஜாயின்ட் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். டயரின் இடதுபக்கத்தையும் வலதுபக்கத்தையும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (டை ராடின் உள்நுனி மூட்டு).

நான்கிலும் ஒன்றும் அகப்படவில்லையென்றால், புது ஷாக்கின் மேல் நட்டுகள் சரியாக இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஷாக் மாற்றிய வண்டியில் அந்த நட்டு லூசாக இருப்பது நடக்கிற விஷயம்தான்.

லோயர் பால் ஜாயின்ட், அப்பர் ஆர்ம், டை ராட் எண்ட் மூன்றும் போய்விட்டன. நாமே மாற்ற முடியுமா? என்னென்ன கருவி வேண்டும்? எந்த வரிசையில் கழற்ற வேண்டும்?
வாசகர், ஒட்டன்சத்திரம்

முடியும். முதல் தடவை என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க ஒரு பக்கம் முழுசாக இருக்க வேண்டும்.

பாகம் வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பால் ஜாயின்ட் மூன்று விதமாக வரும். போல்ட் போட்டு மாட்டியது, ஆர்முக்குள் அழுத்தி சர்க்கிளிப் (பூட்டு வளையம்) போட்டது, ஆர்மோடு சேர்ந்தே வருவது. முதல் வகையை வீட்டில் மாற்றலாம். இரண்டாவதற்கு பிரஸ் வேண்டும், ஆர்மைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். மூன்றாவது வகையில் ஆர்மையே வாங்க வேண்டும். செலவு கூடினாலும் புஷ், ஜாயின்ட் எல்லாம் புதிதாகிவிடும் என்பதால் எங்கள் ஓட்டு அதற்கே. அப்பர் ஆர்ம் பல வண்டிகளில் இப்படித்தான் வருகிறது.

கருவிகள்: 2 டன் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு, ஒரு டிராலி ஜாக்கி, இன்னொரு பாட்டில் ஜாக்கி, அரை இஞ்ச் சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), 2 கிலோ சுத்தியல், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, கட்டுக்கம்பி, பெயின்ட் மார்க்கர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக்கை அடுக்குகிறார்கள். அதன் ஓரத்தில் சுமை விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். செங்கல்லும் அப்படித்தான். மண் தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள்.

முதல் நாளே எல்லா நட்டிலும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று லூசாக்கி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பிறகு தூக்குங்கள். முன் ஆர்ம்களுக்குப் பின்னால் சேசிஸில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். வண்டியை இறக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, பாடியைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் அடியில் போகாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பரின் (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) இரண்டு போல்ட்டை எடுத்து, காலிப்பரைக் கட்டுக்கம்பியால் மேலே கட்டுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கிழிந்துவிடும். ஏ.பி.எஸ். சென்சார் ஒயரின் கிளிப்களையும் பிரேக் ஹோஸின் பிராக்கெட்டையும் விடுவியுங்கள். இதை மறந்து நக்கிளைச் சாய்த்துவிட்டு சென்சார் ஒயரை அறுத்துக்கொள்பவர்கள் ஏராளம். பிறகு ஸ்டெபிலைசர் லிங்க், அதன்பின் டை ராட் எண்ட். டை ராட் எண்டின் லாக் நட்டைக் கழற்றுவதற்கு முன் அது நிற்கும் இடத்தில் மரையில் பெயின்ட் கோடு போடுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, எண்ணை ஃபெண்டரிலேயே எழுதிவிடுங்கள். மரையின் பிட்ச் 1.5 மி.மீ., ஸ்டியரிங் ஆர்ம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று தவறினாலே அந்தச் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 7 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

இப்போது பாட்டில் ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் வைத்து, தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். ஸ்பிரிங்குக்குள்ளேயே ஷாக் இருந்து இரண்டும் ஒரே கட்டாக வரும் வண்டியில், ஷாக்கே ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருக்கும். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்றிருக்கும் பழைய வண்டிகளில் நிலைமை வேறு. லோயர் பால் ஜாயின்ட் விடுபட்ட நொடியில் ஆர்ம் கீழே அடித்து ஸ்பிரிங் வெளியே தெறிக்கும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை என்றால் பால் ஜாயின்ட் வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

நட்டைக் கழற்றி, டேப்பரை, அதாவது கூம்புபோல் ஒடுங்கித் துளையில் இறுகியிருக்கும் தண்டை, விடுவித்து (அடுத்த பதிலில் பார்க்க), நக்கிளை ஒரு கையால் பிடித்தபடி பழைய ஜாயின்டை எடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் என்றால் நக்கிளை வெளிப்பக்கம் இழுக்கக் கூடாது, டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளும். புது ஜாயின்டைப் பொருத்தும்போது டேப்பர் துளையைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. டேப்பர் உலர்ந்து உட்கார்ந்தால்தான் பிடிக்கும். பழைய நட்டையும் ஸ்ப்ளிட் பின்னையும் மறுபடி போடாதீர்கள். டார்க் அளவுக்கு முறுக்கிய பிறகு பின் துளை ஒத்துவரவில்லையென்றால், இறுக்கும் திசையில் இன்னும் கொஞ்சம் திருப்பி ஒத்துவரச் செய்யுங்கள். பின்னால் தளர்த்தி ஒத்துவரச் செய்வது தவறு.

டார்க் அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். கைக்கணக்கு வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம்: 100 நியூட்டன் மீட்டர் வர, 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ விசை கொடுக்க வேண்டும். ஒரு மீட்டர் குழாய் மாட்டினால் 10 கிலோ போதும். ஒரே கை, ஒரே நட்டு. ஸ்பேனர் மாறினால் ஒன்று லூசு, ஒன்று மரை போச்சு.

டை ராட் எண்டின் நட்டைக் கழற்றிவிட்டேன். ஆனால் தண்டு வரவே மாட்டேன் என்கிறது. தண்டின் தலையில் அடித்ததில் மரை நசுங்கிவிட்டது. புதியதைப் பொருத்தினால் நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றுகிறது.
வாசகர், கோபிசெட்டிபாளையம்

டேப்பரில் இறுகிய தண்டைத் தலையில் அடித்து எடுக்க முடியாது. அடிக்க வேண்டிய இடம் தண்டைப் பிடித்திருக்கும் காது, அதாவது ஸ்டியரிங் ஆர்மின் துளையைச் சுற்றியுள்ள இரும்பின் பக்கவாட்டு. நட்டை முழுக்கக் கழற்றாமல் நான்கைந்து மரையில் விட்டுவைத்து, காதின் ஒரு பக்கத்தில் பெரிய சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் "ணங்" என்று இரண்டு மூன்று அடி. காது ஒரு கணம் நீள்வட்டமாகி மறுபடி வட்டமாகும், அந்த ஒரு கணத்தில் டேப்பர் விடும். பத்து தயங்கிய அடியைவிட இரண்டு உறுதியான அடி மேல். நட்டை விட்டுவைப்பது, விடுபட்டதும் ஆர்ம் துள்ளி விழாமல் இருக்க.

காது அலுமினியமாக இருந்தால் சுத்தியல் வேண்டாம், திருகு வகை புல்லர் வாங்குங்கள். கவை மாதிரி இருக்கும் முள்கரண்டிக் கருவி ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும். தூக்கிப் போடப்போகும் ஜாயின்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

புதியது சேர்ந்து சுற்றுகிறதென்றால், டேப்பர் இன்னும் உட்காரவில்லை. ஜாயின்டின் அடியில் ஜாக்கி கொடுத்துத் துளைக்குள் அழுத்திக்கொண்டு நட்டை முறுக்குங்கள். பிடித்துக்கொள்ளும். அப்படியும் சுற்றினால் துளையின் உட்பக்கம் தேய்ந்து வாய் அகன்றிருக்கிறது, அந்த ஆர்ம் இனி உதவாது.

ஆறு மாதத்துக்கு முன் லோயர் ஆர்ம் புஷ் நான்கும் புதிதாக அழுத்திப் போட்டேன். இப்போது பார்த்தால் ரப்பர் சுற்றிலும் கிழிந்திருக்கிறது. ஒரிஜினல்தான் வாங்கினேன். ஏன் இப்படி?
வாசகர், தேனி

சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்கியிருப்பீர்கள். வீட்டில் செய்யும் வேலையில் அதிகமாக நடக்கும் தவறு இது. பட்டறையிலும் நடக்கிறது.

இந்த புஷ் பேரிங் மாதிரி சுற்றுவதில்லை. நடுவிலுள்ள இரும்புக் குழல், வெளியிலுள்ள இரும்பு வளையம், இரண்டோடும் ஒட்டிய ரப்பர், அவ்வளவுதான். போல்ட்டை முறுக்கியதும் நடுக்குழல் சேசிஸ் பிராக்கெட்டோடு அசையாமல் கவ்விக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. ஆர்ம் முழுக்கத் தொங்கும் நிலையில் நடுக்குழலைக் கவ்வவைத்தால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கம் முறுகி நிற்கும். வண்டி சும்மா நின்றாலும் அந்த முறுக்கு போகாது. குழியில் ஏறும்போது இன்னும் கூடி, ரப்பர் இரும்பிலிருந்து பிரியும். முன்பக்கம் ஓரிரு செ.மீ. உயர்ந்து நிற்பதும் இதனால்தான். புது புஷ் போட்டதால் வண்டி நிமிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

சரியான முறை: போல்ட்டுகளைக் கையால் இழுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு மற்ற வேலைகளை முடியுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பத்து இருபது மீட்டர் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டு வண்டியை இயல்பான உயரத்துக்கு இறங்கவிடாது, உருண்டால்தான் இறங்கும். அதன்பின் அடியில் போய் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். இடம் போதவில்லையென்றால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்தில் கனமான மரக்கட்டை கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். பிரிக்கும் முன்பே ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து வைத்திருந்தால் இன்னும் வசதி. ஸ்டாண்டில் இருக்கும்போதே ஆர்மை ஜாக்கியால் அந்த அளவுக்கு உயர்த்தி முறுக்கிவிடலாம்.

இந்த முறை அழுத்தும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். பிரஸ்ஸின் அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும், நடுக்குழலில் விழுந்தால் மாட்டும் முன்பே ரப்பர் பிய்ந்துவிடும். ரப்பரில் பிறை வடிவத்தில் வெற்றிடம் இருந்தால், பழைய புஷ்ஷில் அது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதும் இருக்க வேண்டும். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போதும். இன்ஜின் ஆயிலும் கிரீஸும் இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

காயில் ஸ்பிரிங்கை அமுக்கும் கொக்கிக் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி ஷாக்கை நானே மாற்றலாமா?
வாசகர், நாமக்கல்

வேண்டாம். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கட்டை வண்டியிலிருந்து நீங்களே இறக்குங்கள், அதில் ஆபத்து இல்லை. கட்டைப் பிரிக்கும் வேலையை மட்டும் சுவரில் பொருத்திய கம்ப்ரசர் உள்ள பட்டறையில் கொடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். பிக்கப்பின் முன் ஸ்பிரிங் ஒரு செ.மீ. அமுங்க ஏறக்குறைய 100 கிலோ விசை வேண்டும். 10 செ.மீ. அமுக்கினால் ஒரு டன். அதில் அடைபட்டிருக்கும் ஆற்றல், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 50 கிலோ சிமென்ட் மூட்டை விழுவதற்குச் சமம். காருக்கென்று செய்த மெல்லிய கொக்கி பிக்கப்பின் தடித்த கம்பியைச் சரியாகக் கவ்வாது. ஒரு கொக்கி நழுவினால் ஸ்பிரிங் வளைந்து பக்கவாட்டில் பாயும்.

கட்டை இறக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மேலே பானெட்டுக்கு அடியில் சுற்றிலும் மூன்று அல்லது நான்கு சிறிய நட்டுகள் இருக்கும், நடுவில் ஒரே ஒரு நட்டு இருக்கும். கழற்ற வேண்டியவை சுற்றிலும் உள்ளவை. நடு நட்டைத் தொடவே கூடாது, ஸ்பிரிங்கை அடக்கிவைத்திருப்பது அதுதான். பட்டறைக்குக் கொடுக்கும் முன், மேல் தட்டின் ஸ்டட்டுகளும் கீழ்க் காதும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பெயின்ட் கோடு போட்டுக் கொடுங்கள். கோணம் மாறிப் பொருத்தினால் திரும்ப மாட்டும்போது கீழ் போல்ட் நுழையாது. ஸ்பிரிங் கம்பியின் நுனி கீழ்த்தட்டின் படியில் முட்டி நிற்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

மீன் ஏற்றும் வண்டி. லோயர் ஆர்மின் போல்ட் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து ஒட்டிவிட்டது. நட்டு வந்துவிட்டது, போல்ட் வரவில்லை. சூடு காட்டலாமா?
வாசகர், நாகப்பட்டினம்

ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டும் வண்டிக்கு இது எழுதிவைத்தது. சூடு காட்டினால் ரப்பர் தீப்பிடிக்கும், புகை நெஞ்சை அடைக்கும், பக்கத்தில் பிரேக் பைப் வேறு. ரம்பம் எடுங்கள். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தால் ஆர்ம் புஷ்ஷோடு வந்துவிடும். அந்த புஷ் எப்படியும் மாற்றவேண்டியதுதான். கைரம்பத்தில் ஒரு போல்ட்டுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகலாம், நல்ல பிளேடு மூன்று நான்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுக்கும் முன் போல்ட் தலையில் வட்டமாக, மையம் விலகிய வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். கோடுகள் போட்டிருக்கும். அது கேம் போல்ட், அலைன்மென்ட்டை வைப்பதே அதுதான். எந்தக் கோடு எதற்கு நேராக நிற்கிறது என்று பெயின்ட் வையுங்கள், போட்டோவும் எடுங்கள். புதிதாகப் போடும்போது போல்ட், கேம் வாஷர், நட்டு மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். போல்ட்டின் மொழுமொழு உடம்பில், குழலுக்குள் போகும் இடத்தில் மட்டும் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். மரையில் தடவினால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகி, போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். மீன் இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுவதே இந்த வண்டிக்கு முதல் பராமரிப்பு.

எனது கெப் வாகனம் பழைய ஹைலக்ஸ், முன்னுக்கு டோர்ஷன் பார். பால் ஜொயின்ட் மாற்றிய பிறகு வலதுபக்கம் பணிந்து நிற்கிறது. கராஜில் பார் பழுதாகிவிட்டது என்கிறார்கள்.
வாசகர், யாழ்ப்பாணம்

பார் பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. டோர்ஷன் பார் என்பது நீட்டிவைத்த ஸ்பிரிங்தான். முன்நுனி ஆர்மில், பின்நுனி குறுக்குச் சட்டத்திலுள்ள நெம்புகோலில். அந்த நெம்புகோலைத் தள்ளும் நீளமான போல்ட்தான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. பால் ஜாயின்டுக்காக அதைத் தளர்த்தியவர் மறுபடி பழைய அளவுக்கு முறுக்கவில்லை, அல்லது பாரைக் கழற்றி மாட்டும்போது ஸ்ப்ளைன் (பாரின் நுனியிலுள்ள பல்வரிசை) ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது.

இரண்டு பக்கத்து போல்ட்டிலும் நட்டுக்கு வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து பாருங்கள். வலதுபக்கம் வெகுவாக வேறுபட்டால் போல்ட்டை முறுக்கினாலே போதும். முறுக்கும்போது சக்கரம் தொங்கட்டும், இல்லையென்றால் மரை அரைபடும். இரண்டு சுற்று முறுக்கி, இறக்கி, கொஞ்சதூரம் ஓட்டி, ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளவுங்கள். வித்தியாசம் தீரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். மரை நீளம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் உயரம் மட்டும் குறைந்தால் ஸ்ப்ளைன் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கழற்றும் முன் பாரிலும் ஆர்மிலும் நேர்கோடு கீறிவையுங்கள். இடது பாரும் வலது பாரும் மாற்றி மாட்டக் கூடாதவை, நுனியில் குறி இருக்கும்.

ஸ்டெபிலைசர் லிங்க் உடைந்துவிட்டது. கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாமா?
வாசகர், திருச்சி

ஊர் போய்ச் சேரும்வரை, மெதுவாக. வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும், உயரமாகச் சுமை ஏற்றியிருந்தால் அது விளையாட்டு விஷயம் இல்லை. மாற்றும்போது ஒரு சக்கரத்தை மட்டும் தூக்காதீர்கள். கம்பி முறுகி நிற்கும், லிங்க் துளையில் நுழையாது. இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கினால் கையாலேயே நுழையும். நட்டோடு தண்டு சுற்றினால் தண்டின் நுனியிலுள்ள குழியில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டாடா ஏஸ். 50 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் உதறுகிறது. வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று. ஆர்ம், பால் ஜாயின்ட் எதையும் காணோம். எதைச் சோதிப்பது? எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட்டை வீட்டிலேயே பார்க்க முடியுமா?
வாசகர், திண்டிவனம்

உங்கள் வண்டியின் முன்பக்கம் ரிஜிட் ஆக்சில், பட்டை ஸ்பிரிங். ஆர்ம் இருக்காது. பால் ஜாயின்டின் வேலையைச் செய்வது கிங் பின், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு. ஆக்சிலைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் புஷ் தேய்ந்திருக்கிறது. புது புஷ்ஷை அழுத்தியபின் உள்ளே ரீமர் (துளையை அளவாகக் குடையும் கருவி) விட்டுப் பின்னுக்குச் சரியாக அளவெடுக்க வேண்டும், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஆகவே பிரிப்பது நீங்கள், ரீமர் வேலை லேத் பட்டறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். புது கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது ஆக்சிலைத் தூக்கி அடியுங்கள். எடை இறங்கியிருந்தால் அடியிலுள்ள த்ரஸ்ட் பேரிங்குக்குள் கிரீஸ் போகாது.

கூடவே ஷேக்கிள் புஷ்ஷையும் (பட்டை ஸ்பிரிங்கின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் இடத்திலுள்ள புஷ்) யூ போல்ட்டையும் (பட்டையை ஆக்சிலோடு கட்டும் வளைந்த போல்ட்) பாருங்கள். பட்டையைப் பிரித்தால் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை முறுக்கியது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி கிடைக்காது. புதியதையும் முதல் 500 கி.மீ.க்குப் பிறகு ஒருமுறை இறுக்க வேண்டும், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிய அவ்வளவு ஓட்டம் தேவை.

அலைன்மென்ட்டில் டோ (முன்சக்கரங்கள் உட்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) ஒன்றை மட்டும் வீட்டில் ஓரளவு வைக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சில மீட்டர் முன்னுக்கு உருட்டி நிறுத்துங்கள். இரண்டு முன்டயரின் நடுவிலும் ஹப் உயரத்தில் முன்புறம் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இடைவெளியை டேப்பால் அளவுங்கள். குறிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளவுங்கள். முன் அளவு பின் அளவைவிட எவ்வளவு குறைகிறதோ அதுதான் டோ-இன். மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்குங்கள். ஆர்ம் வைத்த வண்டிக்கு இது பட்டறைவரை ஓட்டிப்போக மட்டும்தான் உதவும். கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) டேப்புக்கு அகப்படாது, கேம் போல்ட்டைத் தொட்டிருந்தால் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கட்டாயம்.

பட்டறைக்குக் கிளம்பும் முன் வண்டி நிற்கும்போதே பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, பெடல் கெட்டியாகிறதா என்று பாருங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டிய வண்டியில் முதல் மிதி காற்றில்தான் போகும். வீல் நட்டுகளை 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள்.